தவிட்டுக்கு வாங்கிய லானூன் தலைவி

அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கோ பயத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதனால்தான் அவளை உண்டாக்கினேன்.

அவள் ஒரு லானூன் தலைவி. லானூன் என்றால் மலாயில் கடற்கொள்ளைக்காரர். எங்கள் மலாய் வாத்தியார் ஒருநாள் கப்பல்களை மறித்துக் கொள்ளையடித்தவர்களைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பொம்பளைகூட இல்லை. நான் சேர்த்துக்கொண்டேன். என் வயதுதான் அவளுக்கும். உடைந்த கப்பலில் கிடந்தவளைக் கிழட்டு லானூன் ஒருவன் எடுத்து வளர்த்தான். அவனுக்குக் கண் மங்கியதும் அவளே தலைவியானாள். ஆனால் எந்தக் கப்பலைக் கண்டாலும் அவனிடம் போய், "அப்பா, புடிக்கலாமா, விடலாமா?" என்று கேட்காமல் கத்தியை உருவமாட்டாள். அவனுக்குச் சுருட்டு தீர்ந்துவிட்டால் மட்டும் கேட்கமாட்டாள். வருகிற முதல் கப்பலைப் பிடித்துவிடுவாள்.

இந்தக் கதையை நான் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கு. இடம், எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஈயக்குட்டை. ஈயம் தோண்டிவிட்டு அப்படியே போட்டுப் போன பள்ளம் அது. காம்பாரிலிருந்து ஈப்போ வரை அப்போது எங்கே பார்த்தாலும் அப்படிப்பட்ட குட்டைகள்தான். கரையில் கால் வைத்தால் மணல் சரியும். அடுத்த அடியில் ஆள் ஆழம். போகக்கூடாது என்று எல்லா வீட்டிலும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனோம். வாழைமரத்துத் துண்டுகளில் குச்சி செருகித் தெப்பம் கட்டினோம். ஒரு மூங்கில் கழி வைத்திருந்தோம். மூன்று பேரில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது.

"அவளோட நெஜ அப்பா வந்து கூப்பிட்டா என்னா செய்வா?" என்று பெரியவள் ஒருநாள் கேட்டாள்.

"வரமாட்டான்."

"வந்துட்டா லா?"

தெப்பத்தைக் கரைக்குத் தள்ளினேன். பெரியவள் விடவில்லை. "தவிட்டுக்கு வாங்கினவளுக்குக் கொழுப்பப் பாரு, ஒன்னும் சொல்லமாட்டேங்குறா" என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்தாள்.

தவிட்டுக்கு வாங்கினவள் நான்தான். எனக்கு முன்னால் பிறந்ததெல்லாம் செத்துப்போனதாம். அப்படி ஆகிற வீட்டில் அடுத்த பிள்ளையை வேறு ஒருவருக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். சாவு தேடி வரும்போது பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுமாம். மற்றவர்கள் மறுநாளே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். என்னைப் பெற்றவர்களுக்கு ஜோசியக்காரன் ஒருவன் பன்னிரண்டு வயது வரை இவள் முகத்தில் முழிக்காதே என்று சொன்னானாம். அவர்களும் முழிக்கவில்லை. அவர்கள் பாரிட் புந்தார் பக்கம். தவிடு கொடுத்து என்னை வாங்கியவர் அங்கே அப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த பால்வெட்டுக்காரர். அவர் பெண்டாட்டி நான் நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு தெற்கே வந்தார். தலை பின்னக் கற்றுக்கொண்டார், கோணலாக. அவர்தான் என் அப்பா. இதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

எனக்குப் பன்னிரண்டு முடியப் போகிற வருஷம், பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். பெற்றவர் மினுமினுக்கும் சட்டை போட்டிருந்தார். பெற்றவள் வாசலில் நின்று என் காலிலிருந்து தலை வரை பார்த்தாள், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றார் பெற்றவர்.

"இருக்கேன். உள்ள வாங்க."

"உட்கார வரல லா. பிள்ளைய அழைச்சிட்டுப் போலாம்னு வந்தோம்." பெற்றவர் ஒரு துணிப்பையை நீட்டினார். "புடிங்க."

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கெதுக்குத் தவிடு? நான் கோழிகூட வளர்க்கல."

"வெளையாடாதீங்கண்ணே. கொடுத்தா வாங்கிக்கணும். அதுதானே வழக்கம்?"

"பொண்ணு பெரியவளாகப் போறா" என்றாள் பெற்றவள். "பொம்பள இல்லாத வீடு. நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"யாரு அந்த நாலு பேரு? வரச் சொல்லு, பார்க்குறேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் வீட்டில் எனக்குப் பின்னால் பிறந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு இருக்கின்றன, தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அவர்கள் பேச்சிலேயே வந்துவிட்டது. சாவுக்குப் பயந்து விற்றார்கள். பிள்ளை தூக்க ஆள் வேண்டும் என்று வாங்க வந்தார்கள். இதற்குப் பெயர் பாசமாம்.

பேச்சு முற்றியதும் மண்டோரைக் கூப்பிட்டார்கள். வெளிக்காட்டு வேலையில் ஆட்களை மேய்த்த கங்காணி அவர், கோயில் தலைவரும் அவர்தான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "தவிட்டக் கையில வாங்காத வரைக்கும் பிள்ளை ஒன்னோடது. வாங்கிட்டா அவங்களோடது. வாசல்ல வச்சிட்டு ஓடினா செல்லாது. கையில போகணும்." அவ்வளவுதான் சட்டம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் மண்டோர் வீட்டிலேயே தங்கிக்கொண்டார்கள், அப்பா எப்போது அசருவார் என்று.

அன்றிலிருந்து அப்பா யார் கையிலிருந்தும் எதையும் வாங்கவில்லை. காலையில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும் இடத்தில்கூடக் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வாளியைத் திருப்பி நீட்டினால், "கீழ வைங்க ஐயா" என்றார். சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணியை மேசையில் வைக்கச் சொல்லி, குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார். ஆட்கள் அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள். "அண்ணே, இந்தாங்க" என்று வெறுங்கையை நீட்டுவார்கள். அவர் துள்ளிப் பின்னால் போவார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தவர் கைகளைப் பார்த்து நடுங்குகிற ஒரு பெரிய ஆளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்றைக்காவது மறந்துபோய்க் கையை நீட்டிவிடுவார் என்று பயந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பை மண்டோர் வீட்டு முன்வாசல் அஞ்சடியில் ஆணியில் தொங்கியது. தவிடே இல்லாவிட்டால் எதை நீட்டுவார்கள்? எனக்கு அதுதான் தோன்றியது. என் தலைவியாக இருந்தால் என்ன செய்திருப்பாளோ அதைத்தான் செய்தேன். பெரியவர்கள் சாப்பிட்டுப் படுத்திருந்த மத்தியான வேளையில் நானும் அக்கா தங்கச்சியும் போனோம். ஏறி எடுத்தது நான். ஓடியது மூன்று பேரும். அது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

குட்டை நடுவில் கொண்டுபோய் அமுக்கிவிடலாம் என்று நான் மட்டும் தெப்பத்தில் ஏறினேன். பாதி தூரம் போவதற்குள் கரையில் பெற்றவரின் குரல் கேட்டது. அவர் திட்டவில்லை. சிரித்தார்.

"வாங்கிட்டா! அவளே கையால வாங்கிட்டா! மண்டோரே, வந்து பாருங்க!"

பை என் மடியில் இருந்தது. கையில் போகணும் என்றுதானே மண்டோர் சொன்னார்? என் கையிலேயே போய்விட்டது. நெருப்பைத் தொட்டதுபோலப் பையைத் தண்ணீரில் வீசினேன். அது முழுகவில்லை. மிதந்தது.

மண்டோர் வந்தார். பின்னாலேயே பெற்றவள். அப்புறம் அப்பா, சட்டை இல்லாமல், தூக்கத்திலிருந்து ஓடிவந்த முகத்தோடு.

"வீட்டு ஆளு யாரு வாங்கினாலும் வாங்கினதுதான்" என்றார் மண்டோர். "நான் என்னா செய்ய, சொல்லு?"

"சின்னப் பிள்ள. வெளையாட்டா எடுத்தது."

"எடுத்தது எடுத்ததுதான்."

அப்பா மிதக்கிற பையைப் பார்த்தார். "அத எடுத்துத் திருப்பி அவரு கையில கொடுத்துட்டா?"

மண்டோர் கொஞ்சம் யோசித்தார். "கொடு. வாங்கலன்னு வச்சுக்குறேன்."

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆற்றில் இறங்குகிறவர் மாதிரி ஓர் அடி வைத்தார். மணல் சரிந்தது. ஆள் இல்லை.

நான் அலறவில்லை. அலறியது கரையில் நின்ற தங்கச்சி. எனக்குச் சத்தமே வரவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. என் தலைவி கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்திருப்பாள். நான் குதிக்கவில்லை. தெப்பத்தில் குப்புறப் படுத்து, கழியை அவர் முங்கிய பக்கம் நீட்டினேன். நீட்டியபடியே, அப்பா செத்துப்போனார் என்று நினைத்தேன். தெளிவாக நினைத்தேன். இனிமேல் மண்டோர் வீட்டு அஞ்சடியிலிருந்து என்னை நேராகப் பஸ்ஸுக்குக் கூட்டிப் போவார்கள், தடுக்க ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். பயம் ஆளை எவ்வளவு கேவலமாக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அவர் சாகும்போதுகூட நான் என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

கழி திடீரென்று கனத்தது. தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் பிடித்துவிட்டார். மறு கையால் அந்தப் பையையும் பிடித்திருந்தார், முட்டாள் மனுஷன். மண்டோர் தன் கைலியை அவிழ்த்து ஒரு முனையை வீசிக் கத்தினார். பையை விட்டால்தான் கைலியைப் பிடிக்க முடியும். அப்பா விடவில்லை. மறுபடி முங்கினார்.

"விடுப்பா! பைய விடு! அப்பா, விடு!"

அதுதான் எனக்கு வந்த முதல் சத்தம். அவர் விட்டார். மண்டோர் இழுத்துக் கரையில் போட்டார். குப்புறப் போட்டு முதுகில் குத்தினார். அப்பா சேற்றுத் தண்ணீரைக் கக்கினார். பெற்றவர் ஒரு விரலையும் அசைக்கவில்லை. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பையின் வாய் அவிழ்ந்துவிட்டது. தவிடு வெளியே வந்து தண்ணீர் மேலே பரவியது. பழுப்பாக, மெல்லிசாக விரிந்து, ஓரமாக ஒதுங்கி, கரைந்து இறங்கியது. சாம்பல் கரைப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கரைச்சிட்டா" என்றாள். "அவ கையாலயே கரைச்சிட்டா."

"வேற தவிடு கொண்டாந்தா போச்சு" என்றார் மண்டோர், மூச்சு வாங்கிக்கொண்டே.

பெற்றவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "வேணாம் மண்டோரே. இது வீட்டுக்கு வந்தா இருக்கிற ரெண்டுக்கும் ஆகாது." என்னை ‘இது’ என்றார். பிறகு பெண்டாட்டியிடம், "வா, குளிச்சிட்டுக் கெளம்பலாம்" என்றார்.

நான் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தேன். அப்பாவைத் தாங்கிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தோம். பொதுப் பைப்படியில் அவர்கள் இரண்டு பேரும் உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் குளிப்பார்களே, அதேபோல. சுற்றி நின்ற பெண்கள் புரிந்துகொண்டு வழி விட்டார்கள். செத்தது நான். என்னைப் பெற்றவர்கள் என் சாவுக்குக் குளிப்பதை நான் நின்று பார்த்தேன். அவர்கள் போகட்டும் என்று கும்பிட்டவள்தான் நான். ஆனாலும் பல் கிட்டியது.

"அப்பா, நான் செத்துட்டேனா?"

"வாயக் கழுவு" என்றார் அப்பா. அவருக்கும் பல் அடித்துக்கொண்டிருந்தது.

பெற்றவள் ஈரத்தலையோடு எங்களைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்தால் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெரிய சாலைக்குப் போகும் மண் பாதையில் ஈரக் கால் தடம் கொஞ்ச தூரம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை, ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட.

வீட்டுக்குள் போனதும் அப்பா சுவரோரம் உட்கார்ந்தார். மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்ப்பா. பஸ் ஏறிட்டாங்க."

நான் பார்க்கவில்லை. அவரை விட்டு எழுந்து போக எனக்குத் தைரியம் இல்லை. பட்டப்பகலில் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.