கிழிந்த பில்டருக்குள் ஒரு வானம்

வெள்ளிக்கிழமை காலைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கற்பூர வாசனை. அதற்குப் பின்னாலேயே தூசி. என் டிப்பர் லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும், என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் பில்டரைக் கழற்றி டயர் மேல் தட்டுவேன். பிறகு பொத்தேரி பஞ்சர் கடையில் காற்றுக் குழாயை வாங்கி அதன் காகித மடிப்புகளில் பீய்ச்சுவேன். நான் லோடு அடிக்கும் எம்-சாண்ட் மணலின் தூசி வெயிலில் மெல்ல எழுந்து, கீழே இறங்க மனமில்லாமல் மிதக்கும். லாரியே ஒருமுறை மூச்சு விட்டதுபோல் இருக்கும். எட்டு வருடம் இப்படித்தான். சொந்த வண்டி, ஒரே வண்டி. வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

போன கோடையில் வண்டி கரும்புகை கக்க ஆரம்பித்தது. வண்டலூர் மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது முனகியது. என்ஜினை இறக்கிப் பழுது பார்க்க வேண்டி வந்தால் என் பிழைப்பு அவ்வளவுதான்.

திருமுடிவாக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் என் பள்ளித் தோழன். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினான். நான் பெருமையாகச் சுத்தம் செய்து வைத்திருந்த பில்டரைக் கழற்றி, அதற்குள் எரிகிற பல்பை விட்டான். இருட்டில் அந்த உருளை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். அவன் அதை மெல்லச் சுற்ற, புள்ளிகள் சுவரில் நகர்ந்தன, பழைய டயர்கள் மேல் ஊர்ந்தன, என் சட்டைக்கும் வந்தன. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது.

“சூப்பரா கீது மச்சான்,” என்றேன்.

“இன்னாத்த சூப்பரு? ஒவ்வொண்ணும் ஓட்டைடா. வாரா வாரம் தட்டி, காத்தடிச்சு நீயே கிழிச்சு வச்சுகீற.”

என் கையைப் பார்த்தேன். ஆசை ஆசையாகத் தட்டிய கை இதுதானே!

அவன் பில்டர் இருந்த கூட்டுக்குள் கையை விட்டு, சின்னதாக இன்னொரு பில்டரை உருவினான். உள்ளே அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மண் அப்பி, நிறமே தெரியாமல் கிடந்தது.

“வெளிய கீறது கிழிஞ்சா இது புடிச்சுக்கும். இது அடைச்சுதான் வண்டி மூச்சு முட்டி புகை தள்ளுது. இதையும் தாண்டி மண்ணு போயிருந்தா என்ஜின் காலி. பைப்புல நீயே கைய வுட்டுப் பாரு.”

விரலைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு என்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் நுழைத்தேன். வழவழவென்று இருந்தது. வெளியே எடுத்துப் பல்பின் அருகே பிடித்தேன். ஒரு துளி மண் இல்லை. அழுதுவிட்டேன். அவன் கிண்டல் எதுவும் செய்யாமல் ஷட்டரைத் தூக்கப் போனான்.

இரண்டையும் புதிதாக மாட்டினோம். அடுத்த வெள்ளிக்கிழமை கற்பூரம் அணைந்ததும் கை தானாகப் பில்டர் மூடிக்குப் போனது. இழுத்து, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றேன். எட்டு வருடத்தில் அந்த வண்டிக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.