சாய்ந்து நின்ற திரி

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். மாடு கன்றுகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி.

போன வருஷம் பங்குனி மாதம், பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பு வீட்டில் நடந்தது. தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர், தேன் எடுத்த பிறகு கழித்த பழைய தேனடைகளைப் பையில் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்வதைப் பேத்தி போனில் காட்டியதிலிருந்து எனக்கும் ஓர் ஆசை. கேட்டதும் பையோடு கொடுத்துவிட்டார். அடையை அலசுவதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"விளக்குத் திரி திரிச்சே தேஞ்ச கைங்க இது. எனக்குத் தெரியும், நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அடைகளைப் பிழிந்து அலசினேன். ஒட்டியிருந்த தேன் கரைந்து தண்ணீர் இனித்தது. எங்கள் வீடுகளில் அரிசி கழுவின தண்ணீரைக்கூடக் கீழே ஊற்ற மாட்டோம், எல்லாம் மாட்டுத் தாழிக்குத்தான். எங்கள் பசு செவலை அப்போது நிறைமாதச் சினை, அதுவும் முதல் ஈற்று. இனிப்பாகக் குடிக்கட்டும் என்று ஆசையாகக் கொண்டுபோய் அதன் தாழியில் ஊற்றினேன்.

பிறகு அடைகளைத் துணியில் மூட்டை கட்டிக் கொதிக்க வைத்தேன். மெழுகு கசிந்து மேலே வந்தது. ஆறியதும் வெல்லத்தின் நிறத்தில் ஒரு வட்டு தண்ணீர் மேல் மிதந்தது. எடுத்து முகர்ந்தேன். எத்தனையோ பூக்களின் வாசம். ஒன்றைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை.

அந்த வட்டைச் சின்னப் பாத்திரத்தில் போட்டு, சுடுதண்ணீரில் இறக்கி உருக்கினேன். அச்சுக்குத் தேங்காய்ச் சிரட்டை. பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரித்தேன். மெழுகை ஊற்றித் திரியை நட்டால், அது நிற்காமல் வளைந்து உள்ளே போனது. எண்ணெய் விளக்கில் திரி படுத்துக்கொள்ளும். இதில் நின்றால்தான் ஆகும். சரி என்று திரியின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மெழுகு இறுகும்வரை அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உச்சி வெயில் நேரம். மெழுகு ஓரத்திலிருந்து மெதுவாக நிறம் வெளுத்து உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கேயோ ரீங்காரம் கேட்டது. தோட்டத்து மோட்டார் என்று நினைத்தேன். அப்புறம் அது என் தூக்கத்தின் சத்தம் என்று நினைத்தேன். தொட்டில் ஆட்டிய காலத்தில் நானே முனகிய பாட்டு மாதிரியும் இருந்தது. விரல் மட்டும் விழித்திருந்தது, மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

கொல்லையிலிருந்து மருமகள் கூப்பிட்டாள். "அத்தை, மாட்ட வந்து பாருங்க."

திரியை விட்டுவிட்டு ஓடினேன். தாழியின் விளிம்பே தெரியவில்லை, அவ்வளவு தேனீ. செவலையின் ஈர மூக்கிலும் நாலைந்து. கயிறு முறுக்கிக்கொள்ள, மாடு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு திமிறியது. மருமகள் புகை போடுவதற்குத் தென்னை ஓலையைப் பற்ற வைத்துக் கையில் பிடித்திருந்தாள்.

"ஓலையக் கீழ போடு கண்ணு. மாடு மெரண்டு உழுந்துதுன்னா கன்னு போயிரும்."

அவள் ஓலையை மண்ணில் போட்டு மிதித்தாள். நான் நடந்தேன். அந்தப் பத்தடி தூரம் எவ்வளவு நேரம் ஆனதென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கையெல்லாம் மெழுகு வாசம். தேனீக்கள் ஒவ்வொன்றாக வந்து என் கையில் உட்கார்ந்தன. உதறவில்லை. அவற்றின் கால் பட்டது, தூறல் விழுவதுபோல் இருந்தது. "ஒன்னுமில்ல சாமி, ஒன்னுமில்ல" என்று செவலையின் காதோரம் சொல்லிக்கொண்டே, இறுகிப்போன முடிச்சை அவிழ்த்தேன். அது என் தோளில் மூச்சு விட்டபடி, நான் போன பக்கமே அடியெடுத்து வந்தது. கிணற்றடி வேம்பில் கட்டிவிட்டு அதன் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே கன்று புரண்டது.

மருமகள் போன் செய்ததும் பெட்டிக்காரர் வந்தார். தாழியைத் தொடாதீர்கள், பொழுது சாய்ந்தால் தானாகப் போய்விடும் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அலசுன தண்ணிய வெளிய வெக்காதீங்கன்னுதானுங்க நேத்துச் சொல்ல வந்தேன்."

நான் விட்டுக்கொடுப்பேனா? "இருக்கட்டுங்க. ஒன்னுகூட என்னையக் கொட்டுல, பாத்தீங்களா" என்று முந்தானையை இழுத்துத் தோளில் போட்டேன். மடிப்புக்குள் ஒன்று இருந்திருக்கிறது. கழுத்தில் வைத்தது பாருங்கள் ஒரு கொட்டு. மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டிக்காரர் தென்னை மரத்தில் காய் எண்ணுவதுபோல் அண்ணாந்து பார்த்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சிரட்டையைப் பார்த்தேன். நான் விட்டுப்போன திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே உறைந்திருந்தது. கொண்டுபோய்த் தொழுவத்தில் ஏற்றினேன். ஒரு பக்கம் மட்டும் உருகி வழிந்தது. தேன் வாசம் மெதுவாகப் பரவியது. தாழியில் ஒரு தேனீகூட இல்லை. செவலை அசைபோட்டுக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தது. அதன் கண்ணுக்குள் இரண்டு சின்னச் சுடர். வாயால் ஊதி அணைக்க மனசு வராமல், அது முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே செவலை கன்று போட்டது, பெண் கன்று, கிடாரி. இப்போது நான் செய்கிற மெழுகுவர்த்திகளில் திரி நேராகவே நிற்கிறது. அதற்கு வழி சொன்னவரும் அந்தப் பெட்டிக்காரர்தான், அந்த முறை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொன்றையும் ஏற்றும்போது, என் விரலிலிருந்து நழுவிய அந்தத் திரிதான் என் கண்ணுக்குள் எரிகிறது.

போதும் கண்ணு, எழுதுனத மொதல்ல இருந்து படி, கேக்கறேன். கொட்டு வாங்குன எடத்த மட்டும் உட்டுப்போடு... வேண்டாம், அதையும் சேத்தியே படி.