பாட்டு லொறி வந்த மைதானங்கள்

அந்த நிகழ்ச்சிக்கு வானொலிக்காரர்கள் பெரிய பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. பாட்டு லொறி என்றுதான் சொல்வோம். கொழும்பிலிருந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலைப்பக்கம் வருவார்கள். இரண்டு லொறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பலகை போட்டால் அதுதான் மேடை. மேடையில் நடப்பது அப்படியே வானொலியிலும் போகும். முதலில் பதுளைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் பண்டாரவளை, அதற்கடுத்து வெலிமடை. இந்த வருஷம் எந்த ஊர் என்று வானொலியில் சொல்லும்வரை லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள்.

நானும் என் மனைவியும் எல்லா ஊருக்கும் போயிருக்கிறோம். கொழுந்து ஏற்றுகிற லொறியில் நின்றுகொண்டே போவோம். அறிவிப்பாளர் பாட்டு தொடங்குமுன் தோட்டம் தோட்டமாகக் கூப்பிடுவார். "கொஸ்லந்தக்காரங்க எங்க? பூனாகலைக்காரங்க எங்க? கையத் தூக்குங்க பாப்போம்." எனக்குக் கூச்சம். கை மேலே போகாது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தானே தூக்கிவிடுவாள். பிறகு பாட்டு முடியும்வரை அந்தக் கையை விடமாட்டாள். மற்ற நாளில் நாலு பேர் பார்க்க அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? அந்த மைதானங்களில் முடிந்தது.

மகள் பெரிய வகுப்புக்குப் போனபோது இரண்டு பேர் சம்பளமும் போதவில்லை. என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் போனாள். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். போனில் என்ன பேசுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் போனதற்குப் பிறகு பாட்டு லொறி அப்புத்தளைக்கு வந்தது. கொழும்புப் பாடகர்கள் ஏறுவதற்கு முன் அந்தந்தப் பக்கத்துக் கலைஞர்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தடவை எங்கள் தோட்டத்துத் தப்பு மேளக் குழுவைக் கூப்பிட்டார்கள். நான் சின்ன வயதிலிருந்து தப்பு அடிக்கிறேன். திருவிழாவில் சாமி வெளியே வரும்போது நான் அடிப்பதைப் பார்க்க அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள்.

போனில் செய்தியைச் சொன்னதும், "என்னங்க, நெசமாவா? ரேடியோவுலயா?" என்றாள்.

"ஆமா."

"வெள்ளிக்கெழம தானே. வீட்டுக்காரங்க வெளிய போயிருவாங்க. போன்ல அந்த ரேடியோ கேக்க மக சொல்லிக் குடுத்திருக்கா. நான் கேப்பேன்."

"சரி."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா? வாயாலதான் பேச வராது. தப்புலயாவது பேசுங்க."

அன்றைக்கு அப்புத்தளையில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஈரக் காற்றில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். தளர்ந்த தோலில் அடித்தால் கோணிச் சாக்கில் அடித்த மாதிரிதான் கேட்கும். நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் இறுகும். எங்களுக்கு அது வெற்றிலை போடுவதைப் போல. யாரிடமும் கேட்டுச் செய்கிற காரியமில்லை. மேடைக்குப் பின்னால் காற்றுப் படாத இடமாகப் பார்த்து, குழுத் தலைவர் வைக்கோலைக் குவித்துப் பற்றவைத்தார். ஜெனரேட்டர் பக்கத்தில்தான் நிற்கிறது என்பதை மூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

தோல் இறுகி வந்த நேரத்தில்தான் எங்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். புகையைப் பார்த்த லொறி ஆட்கள் சிங்களத்தில் "கினி, கினி" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவர் ஜெனரேட்டரை நிறுத்தினார். இன்னொருவர் எங்கள் வைக்கோல் மேல் தண்ணீரை ஊற்றினார். விளக்கு, மைக், வானொலிக்குப் போகிற இணைப்பு எல்லாம் ஒரேயடியாக அணைந்தன.

"தீப்பிடிக்கலய்யா, காய்ச்சுறோம்" என்று தலைவர் சொன்னார்.

"என்னத்தக் காய்ச்சுறீங்க? கஞ்சியா?" என்றார் அறிவிப்பாளர்.

கூட்டத்தில் சிரித்தார்கள். தலைவர் எங்களைப் பார்த்து, "தோலு ஆறிரும், அடிங்கடா" என்றார். மேடையில் ஏறி, மைக் இல்லாமலே அடித்தோம். நான் உயரமான ஆளுக்குப் பின்னால் மறைந்து நின்றபடிதான் தொடங்கினேன். எப்போது முன்னால் வந்தேன் என்று தெரியாது. மூட்டத்துக்குள் முகம் தெரியாத ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நாள் நான் அடித்ததில்லை. ஜெனரேட்டர் மறுபடி ஓடத் தொடங்கியபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது. பாடகர் ஏறிவிட்டார். அந்த நேரமெல்லாம் வானொலியில் கொழும்பிலிருந்து சினிமாப் பாட்டுப் போட்டதாக மகள் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முந்திக்கொண்டாள்.

"கேட்டேங்க. நல்லா இருந்திச்சு. ஒங்க கை தனியாத் தெரிஞ்சிச்சு."

நான் "ம்" என்றேன்.

அதற்குப் பிறகு பாட்டு லொறி எங்கள் பக்கம் வரவில்லை. கொரோனா காலத்தில் நின்றது. பிறகு நாட்டில் டீசல் இல்லாமல் நின்றது. இப்போது கொழும்பில் ஏதோ மண்டபத்துக்குள் நடத்துகிறார்கள். பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். இரண்டு வருஷம் என்று போனவளும் ஒப்பந்தத்தை மறுபடி மறுபடி நீட்டிக்கொண்டிருக்கிறாள். அப்புத்தளைப் பக்கம் போனால் அந்த மைதானத்தின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன். மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

போன மாதம் அவளே கேட்டாள். "இந்த வருஷமாவது வருதா, பாட்டு லொறி?"

"இல்ல."

"அன்னைக்கு நான் கேக்கலைங்க" என்றாள். "காதுல வச்சிக்கிட்டே இருந்தேன். வெறும் பாட்டுத்தான் போட்டாங்க. நீங்க ஆசையா அடிச்சிருப்பீங்கன்னுதான் அப்பிடிச் சொன்னேன்."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா? இத்தன வருஷமா தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

போனை நிறுத்தாமல் ஜன்னல் கட்டையில் வைத்தேன். பரணிலிருந்து தப்பை இறக்கி, அடுப்பில் காட்டிக் காய்ச்சி, லயத்து வாசலில் நின்று அடித்தேன். சாமி வெளியே வருகிற அடிதான்.

எங்கள் தோட்டத்தில் திருவிழா இல்லாத நாளில் தப்புச் சத்தம் கேட்டால் சாவு என்றுதான் நினைப்பார்கள். என்ன அடி என்று யாரும் நின்று கேட்கமாட்டார்கள். மேல் லயத்துக்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். பின்னால் இரண்டு பெண்கள் தலைமுடியை முடிந்துகொண்டே வந்தார்கள்.

"யாருப்பா போனது?"

"யாரும் போகல. அவ கேக்குறா" என்று போனைக் காட்டினேன்.

"அட எழவே. நான் அடுப்புல சோத்த வச்சிட்டு ஓடியாறேன்."

ஜன்னல் கட்டையிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஒண்ணும் வெளங்கலங்க. டின்னத் தட்டுற மாதிரி இருக்கு. இன்னங் கொஞ்சம் அடிங்க" என்றாள். மேல் லயத்துக்காரர் துண்டை விரித்து வாசல் கல்லில் உட்கார்ந்தார். நான் தோலை இன்னொரு தடவை காய்ச்ச அடுப்படிக்குப் போனேன்.