முன்னால் சைக்கிளில் போனவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு சின்ன விடுதியின் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். விடுதி முதலாளிக்குப் பக்கத்திலேயே காப்பி எஸ்டேட்டும் இருந்தது. அதற்குள் கிடந்த பழைய ஜீப் பாதைகளையும் ஆட்கள் நடக்கும் ஒற்றையடித் தடங்களையும் வெட்டி இணைத்து, தங்க வருகிறவர்கள் சைக்கிள் ஓட்டுவதற்கென்று திறந்துவிட்டார்கள். சேலத்திலிருந்து லாரியில் கியர் வைத்த சைக்கிள்கள் ஆறு வந்து இறங்கின. பிரியும் இடங்களில் பாறைகள்மேல் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டோம்.

வருகிறவர்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் போக வேண்டும் என்றார் மேனேஜர். பின்னால் நான். முன்னால், விடுதித் தோட்டத்தைப் பார்த்துவந்த ஒரு அண்ணன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், வெள்ளக்கடை கிராமத்தில் சாமை விதைக்கிற குடும்பம். அந்தச் சரிவுகளில் அவர் கால் படாத இடமில்லை. சைக்கிள்தான் தெரியாது. ஏரிக்கரை ரோட்டில் ஒரு வாரம் அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். கற்றுக்கொண்டதும் என்னை மிஞ்சிவிட்டார். காப்பி பூத்திருந்த சமயம். புல்மேட்டிலிருந்து இறங்கும்போது ஹேண்டில்பாரில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு சத்தமாகச் சிரிப்பார். வளர்ந்த மனிதர் ஒருவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனால் நாலு மணிக்குமேல் சைக்கிளைத் தொடமாட்டார். மரநிழல் தொடங்கும் இடங்களில் இறங்கி, செயினைச் சரிசெய்வதுபோல நிற்பார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் உச்சிவெயிலில் நாங்கள் இருவர் மட்டும் தடத்தைப் பார்த்துவரப் போனோம். புல்மேட்டைத் தாண்டி சில்வர் ஓக் மரங்களின் அடர்ந்த நிழலுக்குள் நுழைந்ததும் தடம் இடப்பக்கம் வளையும். அவர் வளையவில்லை. நேராகப் போய்க் காப்பிச் செடிகளுக்குள் விழுந்தார். நான் ஓடியபோது உட்கார்ந்து, தரையில் கையால் துழாவிக்கொண்டிருந்தார். சைக்கிள் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"அண்ணா, கண்ணு தெரியலீங்களா?"

கை சைக்கிள் சக்கரத்தில் பட்டதும் துழாவுவதை நிறுத்தினார். பிறகு சொன்னார். "வெயில்ல தெரியுதுங்க தம்பி. நெழலுக்குள்ள வந்தா ஒண்ணுமே தெரியறதில்ல. எங்கப்பனுக்கும் இப்படித்தான் ஆச்சு. சேலத்துல டாக்டரு ரெண்டு வருசம் முந்தியே சொல்லிப்போட்டாரு, வைத்தியம் கெடையாதுன்னு."

"ஊட்ல தெரியாதுங்களா?"

"ஊட்ல எல்லாத்துக்கும் தெரியும். இங்கதான் தெரியப்படாதுன்னு இருந்தேன்."

பிறகு எதுக்குச் சைக்கிள் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "நடந்து நடந்தே பாத்த மலைங்க. கண்ணு இருக்கறப்பவே ஒருக்கா வேகமாப் போய்ப் பாக்கோணும்னு நொம்ப ஆசை" என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

அதன்பிறகு மூன்று வாரம், யாரும் இல்லாத நாட்களில் நான் முன்னால் போனேன். "வேருங்கண்ணா", "எடது பக்கம்", "கல்லு, மெதுவா" என்று கத்திக்கொண்டே போவேன். என் குரலைப் பிடித்துக்கொண்டு அவர் வருவார். ஒருமுறைகூட விழவில்லை. ஆட்கள் வந்த நாட்களில் வெயில் விழும் தடங்களாகப் பார்த்து நானே தேர்ந்தெடுத்தேன்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வருவதாகத் தகவல் வந்தது. எல்லாத் தடங்களும் சுற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நிழலுக்குள் வளைவு தெரியாமல் அவர் போக, பின்னாலேயே பிள்ளைகள் போவது கண்முன் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். சைக்கிள் வேலையிலிருந்து மட்டும் மாற்றிவிடுவார் என்று நம்பினேன். அந்த மாதம் முடிவதற்குள் தோட்ட வேலையும் அவருக்கு இல்லாமல் போயிற்று.

சைக்கிள் கொட்டகைச் சாவியைக் கொடுக்க அவரே என் மேஜைக்கு வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை.

"நீங்க சொன்னது சரிதானுங்க தம்பி. கொழந்தைங்க சமாச்சாரம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு அப்பறம் சொல்லியிருக்கலாம். நானே போய்ச் சொல்லியிருப்பேன்."

சாவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டேன். அவர் படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கினார்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்குப் போனேன். வாசலில் காயப்போட்டிருந்த காப்பிப் பழங்களைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அவர் மனைவி காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மழையில் தடமெல்லாம் அரித்துப்போனதையும், அடைத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். எந்தெந்த இடத்தில் மண் சரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

அடுத்த வருடம் சேலத்தில் வேறு வேலை கிடைத்து மலையிறங்கிவிட்டேன். பிறகு ஒருமுறை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைப் பார்த்தபோது அண்ணனைப் பற்றி விசாரித்தேன். பார்வை முழுக்கப் போய்விட்டதாம். கூப்பிட்டால் குரலை வைத்தே ஆளைச் சரியாகச் சொல்கிறாராம். வெள்ளக்கடை பஸ் எதிரில்தான் நின்றிருந்தது. நான் ஏறவில்லை.