மடியில் இரண்டு சீட்

சீட் இல்லாத சைக்கிளை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய தண்டனை என்று. ஒருநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, ஒரகடம் பக்கத்துக் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். புளியமரத்தடியில் என் சைக்கிள் நின்றது. பூட்டு இருந்தது, இரண்டு சக்கரமும் இருந்தன, சீட் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. வடக்குப்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே மிதித்தேன். கன்டெய்னர் லாரிக்காரன் ஒருத்தன் என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான். "எந்தப் பேமானி எத்துனு போனான்னு தெரிலையே" என்று திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தால், என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அன்றைக்கு அவரே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டார்.

எங்கள் பக்கத்துத் திருடர்கள் விவரமானவர்கள். முழுச் சைக்கிளைத் தூக்கினால் நாலு பேர் தேடுவார்கள். பெல்லைத் தூக்கினால், பெடலைத் தூக்கினால் யார் தேடப் போகிறார்கள்? ஸ்டேஷனுக்குப் போய் "சார், சீட்டக் காணோம்" என்று சொல்ல எவளுக்குத் துணிச்சல் வரும்? நாங்கள் விடிவதற்கு முன்னால் சைக்கிளை மரத்தடியில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புவோம். நடுவில் அவனுக்கு ஒரு முழுப்பகல் கிடைக்கிறது.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் என் தோழி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னைவிட வயதில் சின்னவள். கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் எனக்கு அடுத்த இடத்தில் நின்று டேப் சுற்றுகிறவள். எங்கள் ஊரிலேயே ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாள். என் சீட் போன மறுநாள் காலை அவள் பஸ் ஏறியபோது, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் குழாயோடு கழற்றிய சைக்கிள் சீட்.

"இனி வந்து வெறுங் கம்பியத் தடவிட்டுப் போட்டும்க்கா" என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். ஆனால் அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு பேருக்குச் சீட் போனது, சிரிப்பு நின்றுவிட்டது. பங்சர் கடைக்காரர் எல்லார் சைக்கிளிலும் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றுகிற போல்ட்டை மாட்டிக் கொடுத்தார். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க ஓட்டையை பிளாஸ்டிக் கவரால் மூடி, தலைமுடி ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு வருவோம். பிறகு பார்த்தால் காலை பஸ்ஸில் பாதிப் பெண்களின் மடியில் ஆளுக்கொரு சீட். குழந்தையை வைத்துக்கொள்வது போல அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

கேட்டில்தான் வந்தது வம்பு. எங்கள் பைகளைச் சோதிக்கிற செக்யூரிட்டி அம்மா உள்ளூர்க்காரி, வாய் அதிகம்.

"இன்னாமே இது? வேலைக்கு வரீங்களா, சைக்கிள் கட வெக்கப் போறீங்களா? இரும்பெல்லாம் உள்ள எத்துனு போவக்கூடாது!"

"அப்ப நீயே வச்சிக்க" என்று புதிதாக வாங்கிய என் சீட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். பின்னாலேயே வரிசையாக எல்லாரும் வைத்தார்கள். மேஜையில் இடமில்லாமல் போனதும் அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், உதிரிப் பாகங்கள் வருகிற நீல பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை இழுத்து வந்து மேஜைக்கு அடியில் தள்ளினார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சீட்களின் வீடு. யாராவது சீட் இல்லாமல் வந்தால், "எங்கமே, இன்னிக்கும் அட்சிட்டானா?" என்று முதலில் கவலைப்படுகிறவரும் அவர்தான்.

எல்லாம் கறுப்புச் சீட். அடையாளத்துக்கு ஒருத்தி நகப் பாலீஷ் தடவுவாள், ஒருத்தி ரிப்பன் கட்டுவாள். என் தோழி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். ஒருநாள் கொட்டுகிற மழையில் அவசரத்தில் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லாருக்கும் சீட் மாறிப்போனது. எனக்கு வந்தது குட்டைக் குழாய். முழங்கால் தாடையில் இடிக்க வீடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் பஸ் முழுக்க பண்டமாற்று நடந்தது.

தோழியிடம் மட்டும் இரண்டு சீட் உண்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்று ஹேண்டிலில் கொக்கி போட்டு மாட்டுகிற குட்டிச் சீட். கம்பிச் சட்டத்தில் மஞ்சளும் சிவப்புமாக பிளாஸ்டிக் வயர் பின்னி, கால் விட இரண்டு ஓட்டை வைத்தது. அவளுடைய மகள் ஊரில் அக்கா வீட்டில் வளர்ந்தாள். வீட்டுக்காரர் இல்லை. அதைப் பற்றி அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள், நான் மறுபடி கேட்கவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வந்த புதிதில், முதல் சம்பளத்தில் சைக்கிளோடு சேர்த்து வாங்கியது அந்தக் குட்டிச் சீட். கான்ட்ராக்ட் போய் வேலை நிரந்தரமானதும் பிள்ளையைக் கூட்டிவந்து இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, காலையில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவது. இதுதான் அவள் திட்டம். லைனில் டேப் சுற்றச் சுற்ற அதைத்தான் பேசுவாள். பள்ளிக்கூடத்துக்கு எந்த ரோடு மேடு பள்ளமில்லாமல் இருக்கிறது என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

"புள்ளயே வரலை, சீட்ட எதுக்குடி சொமந்துனு திரியிற? வூட்ல வெச்சிட்டு வா" என்பேன்.

"அது சைக்கிள்ல இருந்தாத்தான்க்கா, பிள்ளை வந்துரும்னு எனக்கே நம்பிக்கையா இருக்கு" என்பாள்.

காலையில் மரத்தடியில் எங்கள் இரண்டு சைக்கிளையும் ஒரே சங்கிலியில் பிணைப்போம். சாவி ஆளுக்கொன்று. அவள் தன்னுடையதைக் கழற்றி முடிக்கும்வரை குட்டிச் சீட்டை நான் பிடித்துக்கொள்வேன். பஸ்ஸில் அது அவள் மடியில்தான். சாயங்காலம் பஸ்ஸில் போனைத் தூக்கிப் பிடித்து மகளோடு வீடியோவில் பேசுவாள். "பாரு, உன் சீட்டு" என்று அதையும் காட்டுவாள். திரையில் ஒரு குண்டு முகம், இரட்டைச் சடை. சில நாள் என்னையும் "பெரிம்மா" என்று கூப்பிடும். எனக்கு அன்றைக்கு முழுதும் வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

நிரந்தரம் மட்டும் வந்தபாடில்லை. இந்தப் பொங்கலுக்குள் என்றார்கள், பிறகு அடுத்த நிதியாண்டு என்றார்கள். லீவு போட்டால் பெயர் கெட்டுவிடும் என்று அவள் வருஷக்கணக்கில் ஊருக்கே போகவில்லை. பண்டிகைக்கும் ஓ.டி. பார்த்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வந்து அவளையும் ஹாஸ்டலில் தங்கியிருந்த வேறு சிலரையும் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஏதோ ட்ரெயினிங் என்று நினைத்தேன். ஷிப்ட் முடியும்வரை அவள் இடம் காலியாகவே இருந்தது. கேட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து என் சீட்டை எடுத்தேன். எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகு பெட்டியில் இரண்டு மிச்சம் இருந்தன. பொட்டு ஒட்டிய சீட், குட்டிச் சீட்.

செக்யூரிட்டி அம்மா அன்று சத்தம் போடவில்லை. "மதியமே அனுப்ச்சிட்டாங்கமே. ஆர்டர் கம்மியாம். பின்னால கேட்ல வேன்ல ஏத்தி ஸ்ரீபெரும்புதூர்ல எறக்கி வுட்டுட்டாங்கோ. இத எட்த்துக்க வரக்கூட வுடலை, பாவம்" என்றார். பிறகு குட்டிச் சீட்டைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் அவள் இடம் எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. என் சீட்டைக் காலடியில் போட்டுவிட்டு அவளுடைய இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு மனுஷியை வேலையை விட்டு அனுப்புகிறவன், அவள் கொண்டுவந்த பொருளை எடுத்துக்கொள்ளவாவது விட வேண்டாமா? திருடன் தேவலை என்று தோன்றியது.

மரத்தடியில் சங்கிலியை அவிழ்த்து, அவள் சைக்கிளுக்கு இரண்டு சீட்டையும் மாட்டினேன். என் சீட்டையும் மாட்டி ஏறி, அவள் சைக்கிளின் ஹேண்டிலை இடது கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஊருக்குள் போனேன். அவள் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"ஏக்கா, கொண்டாந்துட்டியா! அத அங்கனயே விட்டுட்டு வந்துட்டமேன்னுதான் வாசல்லயே உக்காந்துட்டேன்."

"இன்னாடி பண்ணப் போற? ஊருக்குப் போயிடுவியா?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் இல்லாத பஸ்ஸை என்னால் நினைக்க முடியவில்லை.

"போவமாட்டேன்க்கா. பிள்ளைய வரச் சொல்லி போன் பண்ணிட்டேன். வேல நெலைக்கட்டும், நெலைக்கட்டும்னு இருந்து என்ன கண்டேன்? நெலைக்காத வேலைக்கு எதுக்கு அவ அங்கனயும் நான் இங்கனயும்? ரெண்டு பேரும் சேந்தே கஞ்சி குடிப்போம்."

வேலை இல்லாதபோது பிள்ளையைக் கூப்பிடுகிறாளே, பைத்தியமா இவள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் யோசித்த பிறகு அவள் செய்ததுதான் சரி என்று பட்டது. ஒரகடத்திலேயே ஒரு பேக்கிங் குடோனில் பகல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செக்யூரிட்டி அம்மா தகவல் சொல்லி அனுப்பினார். சம்பளம் குறைவு, ஆனால் சைக்கிளிலேயே போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வந்தது. அக்காவோடு தாம்பரத்தில் இறங்கி, படப்பை வழியாக ஒரகடத்துக்கு டவுன் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் போய்க் காத்திருந்தோம். குட்டிச் சீட்டைக் கழுவிக் காயவைத்து, தொடை உறுத்தாமலிருக்க ஓட்டை விளிம்பில் பழைய துணி சுற்றித் தைத்திருந்தாள். பஸ் வந்து நின்றது. அக்கா இறங்கினார். அவருக்குப் பின்னால், கைப்பிடியைத் தொடாமல் படியிலிருந்து குதித்து இறங்கியது இரட்டைச் சடை. முகம் நான் போனில் பார்த்த அதே குண்டு முகம். ஆனால் அம்மாவின் இடுப்புக்கு மேல் உயரம்.

தோழி எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓடிப்போய் அப்படியே அள்ளித் தூக்கி முத்தம் கொடுத்து, சைக்கிளுக்குக் கொண்டுவந்து குட்டிச் சீட்டில் இறக்கினாள். ஒரு கால் ஓட்டைக்குள் போய் முட்டியோடு நின்றது. மற்றக் காலை மடக்கிப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். இடுப்பு கம்பிச் சட்டத்துக்குள் இறங்கவே இல்லை. நான் சைக்கிளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். போனில் எங்களுக்கு முகம் மட்டும்தானே தெரிந்தது, கால் எங்கே தெரிந்தது?

"எம்மா, இது பாப்பா சீட்டு" என்றது பிள்ளை, பொறுமையாக.

தோழி அதை வெளியே தூக்கித் தரையில் நிறுத்தினாள். தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நாளும் இதப் போயி களவு போவாமப் பாத்துட்டு இருந்திருக்கேன்க்கா" என்றாள்.