உறவுமுறை என்ற கட்டம்

மதுரையிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தகவல் சொல்ல இலங்கையில் ஒருவர் வேண்டும் என்றது விசா நீடிப்புப் படிவம். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பெயரை எழுதினேன்; அவர் இருப்பது கனடாவில். அலுவலர் திருப்பித் தந்துவிட்டார். விசா முடிய இரண்டே நாள்தான் இருந்தது.

நான் குடியிருக்கும் மஹய்யாவயில், தினமும் பால் சேர்க்காத பிளேன்டீ குடிக்கும் கடைக்குப் போய், அதை நடத்தும் பெண்மணியிடம், படிவத்தில் அவரைப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"போட்டுக்குங்க அண்ணே. போன மாசம் நாலு நாள் நீங்க வரலன்னதும் காய்ச்சலோன்னு ஆள் அனுப்பப் பார்த்தேன்."

பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது, அவர் பெயர் எனக்குத் தெரியாது. செத்துப்போன எழுத்தாளர்களின் இனிஷியலைக்கூட ஒப்பிக்கிறவன் நான்.

"செல்வராணி," என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "உறவுமுறை கேட்டிருக்காங்களா? தங்கச்சின்னு எழுதுங்க. மூணு வருசமா அண்ணேன்னுதானே கூப்புடுறேன்."

கடைக்காரர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பொய்த் தகவல் கொடுத்தால் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், 'தெரிந்தவர்' என்று எழுதினேன்.

விசா கிடைத்தது. ஆனால் நான் எழுதியதில் பாதிதான் உண்மை. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.