செல்லக்கிளி வைத்த எதிர்த்தீ

நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண் இப்போது மலைமலையாக நிற்கிறது. அதில் ஒரு மேட்டின் சரிவில் நட்டிருக்கும் எண்ணூறு மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது செல்லக்கிளியின் வேலை. காண்ட்ராக்ட் வேலைதான், ஐந்து வருஷமாகப் பார்க்கிறாள். மரங்கள்மேல் தனி ஆசை என்றெல்லாம் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் எந்த வேம்பு எந்த வருஷம் வைத்தது, எந்தப் புங்கனை ஆடு கடித்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

மேட்டின் குறுக்கே ஒரு லாரிப் பாதை போகிறது. பாதைக்குக் கீழே இரண்டு வரிசை மரங்கள். முதன்முதலில் நட்டவை, ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. மற்றதெல்லாம் பாதைக்கு மேலே, இன்னும் இடுப்பளவு.

சித்திரையில் ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு, மேட்டடியில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. எப்படிப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது. மேற்கிலிருந்து அடித்த மேல்காற்று தள்ள, தீ சரிவில் ஏறியது. ஏறுகிற தீக்கு வேகம் அதிகம். எதிரே இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே சுட வைத்துவிடும். சூப்பர்வைசர் சிவசங்கர் போனில், தீயணைப்பு வண்டி சுரங்கத்தைச் சுற்றி வர இருபது நிமிஷம் ஆகும், எதுவும் செய்யாமல் மறுபக்கமாக இறங்கிவிடுங்கள் என்றார். தண்ணீர் லாரி ஓட்டும் மந்தாரக்குப்பத்து தௌசீப் மட்டும்தான் கூட இருந்தான். டேங்கில் கால்வாசிகூடத் தண்ணீர் இல்லை.

பத்து நிமிஷத்தில் தீ பாதைக்கு வந்துவிடும். அது எழும் உயரத்துக்குப் பாதையெல்லாம் ஒரு தடையே இல்லை.

கல்யாணத்துக்கு முன் செல்லக்கிளி நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனவள். வெட்டிய கரும்புக் கொல்லையில் சோகையை, அதாவது காய்ந்த தோகையை, கொளுத்தும்போது, பக்கத்தில் நிற்கும் கரும்பைக் காப்பாற்ற, காற்று போகிற பக்கத்து வரப்பில்தான் முதலில் பற்றவைப்பார்கள். அந்தத் தீ காற்றை எதிர்த்து மெல்லத் தின்றபடி உள்ளே போகும். அப்புறம் மறுபக்கம் வைத்த பெருந்தீ ஓடிவந்து சேரும்போது, தின்ன ஒன்றும் மிச்சமிருக்காது.

"பாதையோரமா நாமளே கொளுத்திடலாம்" என்றாள். "நீ மேல்பக்கம் நனைச்சிகினே வா."

"கீழ ரெண்டு வரிசை இருக்குதேக்கா?"

"அது போய்டும்."

தீ வைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள், வேலை போய்விடும் என்றான் தௌசீப். போனால் அவன் லாரிக்கே கிளீனராக வந்துவிடுவதாக அவள் சொன்னாள்.

"நீ வந்தா என்னையே எறக்கி வுட்டுடுவ" என்று முணுமுணுத்தபடி அவன் பைப்பை இழுத்தான்.

லாரியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாளே தவிர, அவள் உடனே வைக்கவில்லை. வைத்தால் மேல்காற்று அதையே தூக்கிக் கன்றுகள்மேல் எறியும். காய்ந்த புல்லைக் கிள்ளி உதிர்த்துப் பார்த்தாள். அவள் பக்கம் பறந்தது. மறுபடி உதிர்த்தாள். அவள் பக்கம்தான். முகம் காந்தியது.

ராக்கெட் எரிபொருளோடு பிராணவாயுவையும் சுமந்து போகிறது. புல்லில் எரியும் தீக்கு அந்த வசதி இல்லை. பெருகப் பெருக, அது நாலா பக்கத்திலிருந்தும் காற்றை இழுத்தாக வேண்டும். தன்னை ஓட்டிவந்த காற்றுக்கு எதிராகக்கூட இழுக்கும். அந்த நேரம் வரும் என்று செல்லக்கிளிக்குத் தெரியும். எப்போது என்றுதான் தெரியாது.

நாலாவது தடவை உதிர்த்த புல், தீயைப் பார்த்துப் பறந்தது.

புற்கட்டைப் பற்றவைத்துப் பாதையோரமாக இழுத்துக்கொண்டே ஓடினாள். அவள் வைத்த தீ, அவள் வளர்த்த இரண்டு வரிசைக்குள் நுழைந்தது. புங்கன் இலைகள் சடசடவெனச் சுருண்டன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நடுவே கொஞ்ச தூரம் இருக்கையில் இரண்டு தீயும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தன. பிறகு ஓடின. சேர்ந்த இடத்தில் பனை உயரத்துக்கு ஒரே தூணாக எழுந்தன. அந்த இரைச்சலில் தௌசீப் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு மூச்சு நேரம். அப்புறம் அங்கே ஒன்றுமில்லை. சாம்பல் மட்டும் மிதந்து இறங்கியது. அவ்வளவு பெரியது, குறைந்து குறைந்து அடங்காமல், முழு உயரத்தில் நின்றபடியே இல்லாமல் போனது. சோகைக் கொல்லையிலும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது. கையிலிருந்த கரிந்த புற்கட்டைக் கீழே போடவும் தோன்றாமல் நின்றாள்.

சிவசங்கர் வந்து, யார் வைத்தது என்று கேட்டார்.

"நான்தாங்க."

அவர் கருகிய இரண்டு வரிசையைப் பார்த்தார். பாதைக்கு மேலே பச்சையாக நின்ற கன்றுகளைப் பார்த்தார். திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. தீ தானாக அணைந்தது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"தானா அணைஞ்சிதாம்" என்றான் தௌசீப். "நாம வேடிக்கை பாத்துகினு இருந்தோமாம்."

செல்லக்கிளி கருகிய ஒரு புங்கனடியில் குந்தி, மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. சுரங்கத்து மண்ணில் நிலக்கரித் துண்டுகள் கலந்து கிடக்கும், பற்றினால் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மேலே எரிந்தது ஒரு வருஷத்துப் புல், நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. கீழே இருப்பது மனிதர் பிறக்கும் முன்பே புதைந்த காடு. தீர்ந்துபோக அதற்கு அவசரமில்லை.

"அணையலப்பா, உள்ள இருக்குது" என்றாள். "போய் இன்னொரு லோடு கொண்டா."

அவன் லாரியைத் திருப்பினான். அவள் மண்வெட்டியை எடுத்து, கை சுட்ட இடத்தில் தோண்டத் தொடங்கினாள்.